வாட் கேட்காதீங்க, லக்ஸ் கேளுங்க!

"நீ கரண்டு படிப்புதானே படிக்கிற? இந்த லைட்டைக் கொஞ்சம் பாரேன்."

லீவுக்கு ஊருக்குப் போகும் ட்ரிபிள் இ மாணவர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தப்ப முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இன்ஜினியரிங் என்றால் எல்லாம் ஒன்றுதான். போன தீபாவளி லீவில் எனக்கும் இந்த வேலை வந்தது. அதில் நான் செய்த தப்பில் இருந்துதான் இந்தப் பாடம் ஆரம்பிக்கிறது.

எங்க ஆச்சி ராத்திரியில் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். கேட்டதற்கு, "கண்ணு போச்சுய்யா, இனி பேப்பரு எதுக்கு?" என்றார். சரி, ஹாலில் இருக்கிற பழைய டியூப் லைட் மங்கிப்போச்சு, அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். கடைக்குப் போனேன். "இருக்கிறதுலயே வாட் கூடுனது குடுங்கண்ணே" என்று கேட்டு, பளீர் வெள்ளையில் ஒரு எல்இடி டியூப் வாங்கி வந்து மாட்டினேன். ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஆனது. ஆச்சி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "எய்யா, கண்ணு கூசுதுய்யா" என்றார். பேப்பரை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை பார்த்தால், அதே ஆச்சி, அதே கண்ணாடி, திண்ணையில் உட்கார்ந்து வரி விளம்பரம் வரைக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்! அப்போதுதான் உறைத்தது. கோளாறு கண்ணில் மட்டும் இல்லை, என் கணக்கிலும் இருக்கிறது.

அந்தக் கணக்கை இப்போது சேர்ந்து போடுவோம்.

வாட், லூமென், லக்ஸ்: மூணும் வேற வேற

வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்பதைச் சொல்லாது. குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் 60 வாட், 100 வாட் என்றாலே வெளிச்சம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

விளக்கில் இருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் கொடுக்கும். இன்றைய 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமென் கொடுக்கும். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம்! குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணடித்துவிடும். எல்இடி பல்புக்குள் இருப்பது நீல ஒளி தரும் ஒரு சிப். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது லக்ஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் வந்து விழுகிறதோ, அதுதான் லக்ஸ். ஒளி கிளம்பும் இடத்தின் கணக்கு லூமென். போய்ச் சேரும் இடத்தின் கணக்கு லக்ஸ். நாம் படிப்பதும், காய் நறுக்குவதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் ஒளி போய்ச் சேரும் இடத்தில்தானே? அப்படியென்றால் வீட்டுக்கு விளக்கு தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்?" இல்லை. "எந்த இடத்துக்கு எத்தனை லக்ஸ்?"

அளவு பிடிபட ஒரு ஒப்பீடு. உச்சி வெயிலில் தரையில் சுமார் 1 லட்சம் லக்ஸ். மேகமூட்டமான பகலில் வெட்டவெளியில் 10,000 லக்ஸ் சுமாருக்கு இருக்கும். பௌர்ணமி நிலவில் 1 லக்ஸ்கூடக் கிடையாது. நம் கண் இந்த எல்லா நிலைக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் வெளிச்சம் குறைவு என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. கண் சமாளித்துக்கொண்டே இருக்கும், ஒரு வயது வரைக்கும்.

லீவில் ஃபோனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு அளந்தேன். ஆச்சி பேப்பர் பிடிக்கும் இடத்தில் பழைய டியூப் லைட்டில் 18 லக்ஸ். நான் பெருமையாக மாட்டிய புது டியூபில் 30 லக்ஸ். காலைத் திண்ணையிலோ 2,000க்கு மேல்! ஃபோன் சென்சார் துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

தூரமும் திசையும்

டியூபை மாற்றியும் ஏன் 30ஐத் தாண்டவில்லை? இரண்டு காரணம்.

முதல் காரணம் தூரம். பள்ளியில் படித்த எதிர் இருமடி விதிதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். தரையில் இருந்து 9 அடி உயரத்தில் ஒரு பல்பு, மேசை உயரம் 2½ அடி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6½ அடி. அதே பல்பை மேசைக்கு 1½ அடி மேலே கொண்டு வந்தால்? 6½ஐ 1½ ஆல் வகுத்து இருமடி எடுங்கள். ஏறக்குறைய 19 மடங்கு! பாதி வாட் பல்பைப் போட்டாலும் 9 மடங்குக்கு மேல் கிடைக்கும். வாட்டைக் கூட்டி இந்த லாபத்தை எடுக்கவே முடியாது.

இரண்டாவது காரணம் திசை. எங்கள் ஹாலில் டியூப் லைட் ஆச்சிக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. பேப்பரை விரித்துப் பிடித்தால், வெளிச்சம் விழுவது பேப்பரின் முதுகில். எழுத்து இருக்கும் பக்கம் நிழலில். அதே நேரம் டியூப் நேராகக் கண்ணில் அடிக்கிறது. கண்ணுக்குள் போகும் அந்தக் கூசும் ஒளிக்கு ஏற்பக் கண் தன்னைச் சுருக்கிக்கொள்ள, நிழலில் இருக்கும் எழுத்து இன்னும் மங்கலாகிறது. நான் வாட்டைக் கூட்டக் கூட்ட கூச்சம்தான் கூடியது.

இதில் வயதின் கணக்கும் சேர்கிறது. வயதாக ஆகக் கண்மணி சின்னதாகும், கண் லென்ஸ் மஞ்சளாகும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். லென்ஸில் ஒளி சிதறுவதால் கூச்சமும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆக, பெரியவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் வேண்டும், அது கண்ணில் அடிக்கவும் கூடாது. "எனக்கு நல்லாத்தானே தெரியுது?" என்று நாம் சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த அறை நம் கண்ணுக்கானது மட்டும் இல்லையே.

ஒரு அறைக்கு எத்தனை லூமென்?

அறை முழுக்கப் பரவும் பொது வெளிச்சத்துக்கு நம் பாடத்திட்டத்தில் இருக்கும் லூமென் முறையே போதும்:

தேவையான லூமென் = (லக்ஸ் × பரப்பு) ÷ (பயன்பாட்டுக் காரணி × பராமரிப்புக் காரணி)

பயன்பாட்டுக் காரணி என்பது விளக்கில் இருந்து கிளம்பியதில் எவ்வளவு வேலை செய்யும் மட்டத்துக்கு வந்து சேர்கிறது என்ற விகிதம். வெளிர் நிறச் சுவர் உள்ள சாதாரண அறைக்கு 0.5 என்று வைக்கலாம். தூசி படிவது, பல்பு மங்குவது இவற்றுக்கான கழிவுதான் பராமரிப்புக் காரணி. 0.8 போதும்.

10 அடிக்கு 12 அடி ஹால். பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். பொது வெளிச்சம் 100 லக்ஸ் வேண்டும். 100 × 11 = 1100. அதை 0.5 × 0.8 = 0.4 ஆல் வகுத்தால் 2750 லூமென். ஒரு 20 வாட் எல்இடி டியூப் 2000, ஒரு 9 வாட் பல்பு 900. மொத்தம் 2900. கணக்கு முடிந்தது!

இப்போது அதே ஹாலில் சுவருக்குக் கரும்பச்சை பெயின்ட் அடிக்கிறீர்கள். ஃபோட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 70, 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அடர் நிறச் சுவர் 10, 20 சதவீதம் அனுப்பினாலே பெரிசு. பயன்பாட்டுக் காரணி 0.3க்கு இறங்கினால் தேவை சுமார் 4600 லூமென். அதாவது பெயின்ட் டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போதே கிட்டத்தட்ட ஒரு டியூப் லைட்டை இழந்துவிட்டோம். சுவர் முழுக்க வேண்டாம், சீலிங்கையாவது வெள்ளையாக விட்டுவிடுங்கள். புகை படிந்த சமையலறைக்கு வெள்ளை அடிப்பது புது விளக்கு வாங்குவதற்குச் சமம்.

பகலுக்கும் இதே கணக்குதான். வெளியே 10,000 லக்ஸ் இருக்கும்போது அதில் வெறும் 1 சதவீதம் உள்ளே வந்தால்கூட 100 லக்ஸ். ஓட்டு வீடுகளில் கூரை நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பார்கள் இல்லையா? அந்த ஒற்றை ஓடு செய்யும் வேலை இதுதான். ஜன்னலை அடைத்து பீரோ வைத்துவிட்டுப் பகலில் லைட் போடும் வீடுகள்தான் அதிகம். பீரோவை நகர்த்துவதற்கு கரண்ட் பில் வராது!

அறை அறையாகப் பார்ப்போம்

ஹால்: இங்கே ஒரே விளக்கை நம்பாதீர்கள். டிவி பார்க்க 50 லக்ஸ் போதும், விருந்தாளி வந்தால் 100, பேப்பர் படிக்கும் நாற்காலியில் 200க்கு மேல், வயதானவர் என்றால் 300, 400. இத்தனை வேலைக்கும் ஒரே சுவிட்ச் எப்படிச் சரிப்படும்? பொது வெளிச்சத்துக்கு ஒன்று, படிக்கும் நாற்காலிக்குத் தனியாக ஒன்று. இரண்டாவது விளக்கு உட்காருபவரின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே, ஷேடு போட்டதாக இருக்க வேண்டும். இருட்டில் டிவி மட்டும் ஓடுவதும் நல்லதில்லை. திரைக்குப் பின்னால் சுவரில் மங்கலாக ஒரு விளக்கு எரிந்தால் கண் களைக்காது.

சமையலறை: நம்ம ஊர் வீடுகளில் விளக்கு தப்பான இடத்தில் இருக்கும் அறை எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வேன். லைட் இருப்பது கதவுக்கு மேலே. சமையல் மேடை இருப்பது எதிர்ச் சுவரில். அம்மா மேடைக்கு முன்னால் நின்றால் விளக்கு அவருக்கு முதுகுப் பக்கம். அரிவாள்மனையோ கத்தியோ, காய் நறுக்குவது முழுக்கத் தன் நிழலிலேயே. அரிசியில் கல் தெரியாது, அடிப்பிடிப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். அறை நடுவில் எத்தனை வாட் போட்டாலும் இந்த நிழல் போகாது, இன்னும் அழுத்தமாகத்தான் விழும்.

தீர்வு ரொம்ப எளிது. மேடைக்கு மேலே உள்ள ஷெல்ஃப் அல்லது கப்போர்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 2 அடி நீள 10 வாட் எல்இடி டியூப் ஒன்று. வெளிச்சம் நேராக மேடையில் விழும், தலை குறுக்கே வராது. மேடையில் 300 லக்ஸ் வேண்டும், சுலபமாகக் கிடைத்துவிடும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். சிங்க்குக்கு மேலே தனியாக ஒரு சின்ன பல்பு இருந்தால் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோப்பும் தெரியும்.

படிக்கும் மேசை: ஹாஸ்டல்வாசிகளே, இது நமக்கு. எழுதும் இடத்தில் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். ஹாஸ்டல் அறையின் டியூப் லைட் பெரும்பாலும் நம் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கும். ஒரு 5 வாட் டேபிள் லேம்ப் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். வலது கையால் எழுதுபவர் லேம்ப்பை இடப்பக்கம் வையுங்கள், இடது கையால் எழுதுபவர் வலப்பக்கம். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. அறை விளக்கை அணைத்துவிட்டு லேம்ப் மட்டும் போடுவதும், இருட்டில் லேப்டாப் திரையை மட்டும் பார்ப்பதும் வேண்டாம். பளிச்சென்ற திரைக்கும் இருட்டுச் சுவருக்கும் நடுவே கண் மாறி மாறி ஓடிக் களைத்துவிடும். திரையில் டியூப் லைட்டின் பிம்பம் விழுந்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள். ரூம்மேட் தூங்கும்போது படிப்பதற்கும் இந்த லேம்ப்தான் சமாதான உடன்படிக்கை!

படுக்கையறை: 10 அடிக்கு 10 அடி அறைக்குப் பொது வெளிச்சம் 75 லக்ஸ் போதும். அதே சூத்திரத்தில் போட்டால் சுமார் 1750 லூமென் வரும், அதாவது இரண்டு 9 வாட் பல்பு. இரண்டையும் தனித்தனி சுவிட்சில் போடுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும் கண்ணுக்கு நேரே சீலிங்கில் திறந்த பல்பு இருக்கக் கூடாது. சீலிங் ஃபேனின் இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருந்தால், நிழல் சுழன்று சுழன்று அறையே துடிப்பது போல இருக்கும். அதையும் தவிர்க்க வேண்டும். பழைய ஜீரோ வாட் பல்பு இன்னும் எரிகிறதா? பெயர்தான் ஜீரோ. குண்டு பல்பு வகை என்றால் சுமார் 15 வாட் இழுக்கும். அரை வாட் எல்இடி நைட் லேம்ப்புக்கு மாறிவிடுங்கள்.

பாத்ரூமும் மாடிப்படியும்: இந்த இரண்டு இடத்திலும் வெளிச்சம் என்பது பாதுகாப்பு. 100 லக்ஸுக்குக் குறையக் கூடாது. மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என டூ வே சுவிட்ச் கட்டாயம். லேபில் நாம் எல்லோரும் செய்த சர்க்யூட்தான், வீட்டில் மட்டும் இருக்காது! ராத்திரி கட்டிலில் இருந்து பாத்ரூம் போகும் வழியில், தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில், ஆள் நடமாடினால் எரியும் மோஷன் சென்சார் விளக்கு ஒன்று வையுங்கள். மஞ்சள் நிறமாக, மங்கலாக இருக்கட்டும். சுவிட்சைத் தடவித் தேடும் அந்தப் பத்து வினாடிதான் பெரியவர்கள் விழும் நேரம். கண்ணாடி முன்னால் விளக்கு தலைக்கு மேலே இருந்தால் கண்ணுக்கும் தாடைக்கும் கீழே நிழல் விழும். கண்ணாடியின் இரண்டு பக்கமும் விளக்கு இருந்தால் ஷேவ் பண்ணும்போது கன்னம் தப்பிக்கும்.

வாசல்: வெள்ளை விளக்கில் நீலம் அதிகம், பூச்சிகளுக்கு அது பிடிக்கும். மழைக்காலத்தில் ஈசல் கூட்டம் எந்த விளக்கைச் சுற்றுகிறது என்று கவனித்துப் பாருங்கள். வாசலுக்கும் திண்ணைக்கும் மஞ்சள் நிற எல்இடி போட்டால் தொல்லை கணிசமாகக் குறையும். விளக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். வருகிறவர் முகமும் பூட்டுத் துவாரமும் தெரிந்தால் போதும், எதிர்வீட்டு ஜன்னல் தெரிய வேண்டாம்.

மஞ்சளா, வெள்ளையா?

பல்பு அட்டையில் 3000, 4000, 6500 என்று கெல்வின் எண் இருக்கும். ஒளியின் நிறத்தைச் சொல்வது அது. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 2700, 3000 என்பது வார்ம் வொயிட், பழைய குண்டு பல்பின் நிறம். 4000 நடுநிலை. 6500 என்பது கூல் டேலைட், நம்ம ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது.

6500தான் பிரகாசம், 3000 மங்கல் என்று நினைப்பது தப்பு. லூமென் ஒன்றாக இருந்தால் வெளிச்சமும் ஒன்றுதான், நிறம்தான் வேறு. வேலை நேரத்துக்கும் படிப்புக்கும் 4000 முதல் 6500 வரை சரி. தூங்கும் முன் ஒரு மணி நேரம் இருக்கும் இடத்துக்கு 3000 நல்லது. நம் விழித்திரையில் பார்ப்பதற்கு அல்லாமல், பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் உண்டு. நீல ஒளி அவற்றை நன்றாகத் தூண்டும். ராத்திரி 11 மணிக்குப் படுக்கையறையில் 6500 எரிந்தால் உடம்பு அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும்.

அட்டையில் சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும். பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், 100க்கு. வீட்டுக்கு 80க்குக் குறைவாக வாங்காதீர்கள். சமையலறைக்கும் துணி எடுத்து வைக்கும் பீரோ பக்கத்துக்கும் 90 கிடைத்தால் நல்லது. கடையில் அரக்கு நிறமாக இருந்த புடவை வீட்டில் பழுப்பாகத் தெரிந்தால் கடைக்காரரைத் திட்டும் முன் உங்கள் பல்பைப் பாருங்கள். மலிவான எல்இடிகள் கோட்டை விடுவது சிவப்பில்தான். தக்காளி பழுத்ததா, கறி வெந்ததா, குழந்தையின் உடம்பில் தடிப்பு இருக்கிறதா, எல்லாமே சிவப்பை வைத்துப் பார்ப்பதுதானே?

கடையில் நிற்கும்போது

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வாட் மட்டும் போட்டு லூமென் போடாத பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லூமெனை வாட்டால் வகுத்தால் 100 சுமாருக்கு வர வேண்டும். பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார் லேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கி வந்ததும் ஒரு சோதனை. ஃபோனில் ஸ்லோ மோஷன் வீடியோவை ஆன் செய்து பல்பை எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் சர்க்யூட் மோசமாக இருந்தால் பல்பு வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியாக வெளிப்படும். வீடியோவில் பட்டை பட்டையாகத் துடித்தால் அந்தப் பல்பைப் படிக்கும் இடத்தில் போடாதீர்கள், வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

"25,000 மணி நேரம்னு போட்டிருந்தான், ஆறு மாசத்துல போச்சு" என்ற புலம்பலையும் கேட்டிருப்பீர்கள். பல நேரம் போவது எல்இடி இல்லை, அதன் அடியில் இருக்கும் டிரைவர். அதன் எமன் சூடு. காற்றே போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட பல்பு தன் சூட்டிலேயே வெந்துபோகும். அங்கே வாட் குறைந்த பல்பைப் போடுங்கள், அல்லது கூண்டைத் திறந்து விடுங்கள்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடுவோம். பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்இடி டியூப் போட்டால் குறைந்தது 30 வாட் மிச்சம். தினம் 5 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு சுமார் 55 யூனிட், ஒரு டியூபுக்கு மட்டும். ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பதால், மிச்சமாகும் யூனிட் கழிவது விலை கூடிய மேல் ஸ்லாபில் இருந்துதான். லூமென் எண்ணிக்கை பழைய டியூபை விடக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். பழைய டியூப் பாதி ஒளியைச் சுவரின் பக்கமே வீசும். எல்இடி டியூப் முன்பக்கமாகத்தான் வீசும்.

லீவுக்கு ஒரு வீட்டுப்பாடம்

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒளி சென்சாரைக் காட்டும் ஆப் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பைபாக்ஸ் ஆப் நம் இயற்பியல் லேபுக்கும் உதவும். இருட்டிய பிறகு, வீட்டில் யார் எங்கே என்ன வேலை செய்கிறார்களோ அந்த இடத்தில், அந்த வேலையின் மேல் ஃபோனை வைத்து அளந்து எழுதுங்கள். அம்மா காய் நறுக்கும் பலகை. அப்பா கணக்கு எழுதும் இடம். தம்பி தங்கை வீட்டுப்பாடம் செய்யும் தரை. தாத்தா மாத்திரை அட்டையை உடைக்கும் கட்டில் ஓரம். மாடிப்படியின் கடைசிப் படி. அளக்கும்போது அவர்கள் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், நிழலோடு சேர்த்து அளக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் எண் மிகக் குறைவாக வருவது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டிலேயே நுணுக்கமான வேலை நடக்கும் இடமாகவோ, வயதானவர் இருக்கும் இடமாகவோதான் இருக்கும். ஏனென்றால் அவர்கள் கேட்பதில்லை. ஒன்று பழகிவிடுகிறார்கள், அல்லது அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். ஆச்சியின் நாற்காலிக்குப் பின்னால், இடது தோளுக்கு மேலே, சுவரில் ஒரு ஹோல்டர். ஷேடு போட்ட 9 வாட் பல்பு, 4000 கெல்வின். பேப்பரில் 210 லக்ஸ். அவர் வயதுக்கு இன்னும் கூட்டலாம், ஆனால் 18இல் இருந்து 210 என்பதே பெரிய தூரம். எதிர்ச் சுவர் டியூபை அணைத்துவிட்டேன். கண் டாக்டரிடமும் ஒரு முறை கூட்டிப்போனோம். அதை விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் கண் பரிசோதனைக்கு மாற்று இல்லை. கண்புரை ஆரம்பம், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, நல்ல வெளிச்சத்தில் படிக்கட்டும் என்றார் டாக்டர்.

லீவு முடிந்து கிளம்பும் அன்று ராத்திரி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்தேன். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே ஆச்சி சொன்னார்: "எய்யா, இந்த வெளக்க மட்டும் அணைச்சிராத."